இரண்டு வருடக் கணக்கு போதாது

ஹவாயில் போன வருடத்தைவிடக் குறைவான பச்சை ஆமைகளே முட்டையிடக் கரையேறின, அதனால் இனம் அழிகிறது என்கிறது ஒரு கட்டுரை. அப்படி முடிவு கட்ட முடியாது. பெண் ஆமை வருடாவருடம் முட்டையிடாது. பெரும்பாலும் மூன்று, நான்கு வருடம் இடைவெளி விடும். எண்ணிக்கை ஏறி இறங்குவது இயல்பு. ஹவாய் ஆமைகள் முட்டையிடும் பிரெஞ்ச் ஃபிரிகேட் ஷோல்ஸ் மணல் திட்டுகளில் 1973 முதல் எண்ணி வருவதே இதற்காகத்தான்.

எண்ணுவதும் லேசான வேலை அல்ல. ஒரே ஆமை ஒரு பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பல தடவை முட்டையிடும். சில இரவுகளில் குழி மட்டும் தோண்டிவிட்டுத் திரும்பிவிடும். தடத்தை மட்டும் எண்ணினால் ஒரு ஆமை ஐந்தாகிவிடும். அடையாளத்துக்காக ஆமையின் துடுப்பில் (துடுப்பு போன்ற காலில்) மாட்டும் உலோகப் பட்டை நாளடைவில் கழன்று விழும். அப்போது பழைய ஆமை புதிதாகப் பதிவாகும். அதனால் தோலுக்கடியில் அடையாள எண் உள்ள மைக்ரோசிப் வைக்கிறார்கள். அதைப் படிக்கும் ஸ்கேனரைத் தோலை ஒட்டி மெதுவாக நகர்த்தி, இரண்டு பக்கத் துடுப்புகளையும் பார்த்த பிறகுதான் 'சிப் இல்லை' என்று எழுத வேண்டும். ஓட்டில் ஆழமில்லாமல் எண் செதுக்கி வெள்ளை பெயிண்ட் பூசினால், அந்தப் பருவம் முழுக்க ஆமையைத் தொடாமலே தூரத்திலிருந்து படிக்கலாம்.

இன்னொன்றையும் கட்டுரை விட்டுவிட்டது. பிரெஞ்ச் ஃபிரிகேட் ஷோல்ஸில் முட்டையிடும் ஆமைகளில் ஏறக்குறைய பாதிக்கு இடம் கொடுத்த ஈஸ்ட் தீவை 2018 அக்டோபரில் வலாகா புயல் அடித்துச் சென்றது. பக்கத்துத் திட்டுகளையும் சேர்த்து எண்ணாவிட்டால், இடம் மாறிய ஆமைகள் செத்த கணக்கில் போய்விடும்.