பம்ப் அடுப்பில் பெற்றோல் ஊற்றாதீர்கள்

"மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் பழைய பித்தளை பம்ப் அடுப்பில் பெற்றோல் ஊற்றியும் எரிக்கலாம், பித்தளை தாங்கும்" என்றொரு செய்தி மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய். உயிரெடுக்கும் பொய்.

பித்தளையின் பலமல்ல இங்கே பிரச்சினை. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் நம் ஊர் நிழலிலேயே தாராளமாக விடும். 1892இல் சுவீடனின் லிண்ட்க்விஸ்ட் செய்த பிரைமஸ் வகை அடுப்பு, அதாவது இந்தப் பம்ப் அடுப்பு, மண்ணெண்ணெய்க்கென்றே பிறந்தது. பெரும்பாலானவற்றில் தீயை அடக்கத் தனி வால்வு கிடையாது. தாங்கியிலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தித்தான் அணைக்க வேண்டும். உள்ளே பெற்றோல் இருந்தால் அந்தத் துவாரத்தால் சீறுவது வெறும் காற்றல்ல, பெற்றோல் ஆவி. ஒரு சாண் தள்ளித் தீ எரிகிறது. அணைக்கப்போன கைதான் முதலில் கருகும்.

பெற்றோல் வகையில் எரியும் முகாம் அடுப்புகளும் உண்டுதான். அவற்றின் அமைப்பே வேறு; குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

பழைய அடுப்பு வாங்குபவர்கள் தாங்கியின் அடி உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், உப்பியிருந்தால் வேண்டாம். பம்ப் காற்றுப் பிடிக்காவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உள்ளே தோல் வாசர் காய்ந்திருக்கும், எண்ணெயில் ஊறவிட்டால் இளகும். பற்றவைக்கும்போது பர்னருக்குக் கீழேயுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரித்து, அது அணையும் தறுவாயில் திருகாணியை இறுக்கி மெல்லப் பம்ப் அடியுங்கள். மஞ்சள் சுவாலை எழும்பினால் சூடு போதாது. உடனே காற்றைத் திறந்து அணைத்து, நன்றாக ஆறிய பிறகே மறுபடி ஸ்பிரிட் ஊற்றுங்கள்.