பெயரை மாற்றலாம் என்றால் ஏன் இவ்வளவு கிண்டல்?

எங்கள் டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட்களில் இன்னமும் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்றுதான் இருக்கிறது. எசமான், அடிமை. தரவை வைத்திருக்கும் முதன்மை சர்வருக்கு முதல் பெயர், அதை நகலெடுக்கும் சர்வருக்கு இரண்டாவது. மாற்றிவிடலாமே என்று மீட்டிங்கில் கேட்டேன். அவ்வளவுதான், ஒரே சிரிப்பு. "வேற வேலையே இல்லையா? அமெரிக்காக்காரனோட நிறவெறிச் சண்டையை எதுக்கு சிங்கப்பூருக்கு இழுத்துட்டு வர்றே?" என்றார் ஒரு சீனியர். அவர் நம்ம தமிழர் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, வேலைக் கணக்கிலேயே பேசுவோம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி 2018-லேயே இந்தச் சொற்களைக் களையத் தொடங்கிவிட்டது. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் 2020 அக்டோபரிலிருந்து புது ரெப்போ (கோடு தொகுப்பு) திறந்தால், முதன்மைக் கிளைக்கு 'மாஸ்டர்' இல்லை, 'மெயின்' என்றுதான் பெயர் வருகிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 8.4 வெர்ஷனில் 'ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்' என்று அடித்துப் பாருங்கள், எரர்தான் வரும். அந்தக் கட்டளையையே தூக்கிவிட்டார்கள்! வெர்ஷன் ஏற்றினால் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். புதுச் சொல் வேலையையும் சரியாகச் சொல்கிறது. 'ஸ்லேவ்' இருந்த இடத்தில் வந்த 'ரெப்ளிகா' என்றால் நகல். மெயின் சர்வர் படுத்துவிட்டால் அதே நகலைத்தான் பிரைமரி (முதன்மை) ஆக்குகிறோம். இதில் அடிமை எங்கே வந்தான்?

"பழக்கத்துல வர்ற வார்த்தைப்பா, யாரையும் புண்படுத்த இல்லை" என்கிறார் அந்த சீனியர். அப்படியா? போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பழைய டீ-ஷர்ட்டில் சர்வர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த இதே சீனியரை, லிஃப்ட் வாசலில் ஒருவன் பங்களாதேஷ் தொழிலாளி என்று நினைத்து "ஏய் பங்களா, கார்கோ லிஃப்ட்ல போ" என்றான். இவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஹெச்ஆர் வரைக்கும் போனார். போனது சரிதான், நானும் கூடவே நின்றேன். ஆனால் அண்ணே, அவனும் பழக்கத்தில்தானே சொன்னான்? தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது இதுதான்.

பங்களாதேஷ்காரராக இருப்பதில் ஒரு கேவலமும் இல்லை. பட்டுக்கோட்டையிலிருந்து வந்தவரோ டாக்காவிலிருந்து வந்தவரோ, ஊர் பேர் கேட்காமல் சைட்டில் நிற்கிற எல்லாருக்கும் ஒரே முத்திரை குத்துகிறார்களே, அதுதான் கேவலம். அதே லிஃப்டில் நம் ஆட்களே அப்படிக் கூப்பிடுவதையும் கேட்டிருக்கிறேன். வயிறு எரிகிறது.

ஸ்கிரிப்ட் உடையும், டெஸ்ட் பண்ண ஆள் இல்லை என்று சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். அது நியாயமான கவலை. சிரித்து மழுப்பாதீர்கள். அடுத்த மீட்டிங்கிலும் இதைத்தான் கேட்கப்போகிறேன்.