வட்டு நழுவுவதில்லை, அமுக்கி உள்ளே தள்ளவும் முடியாது

“இடுப்பில் டிஸ்க் நழுவிவிட்டது, ஒரே அமுக்கில் பழைய இடத்தில் உட்கார வைக்கலாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

டிஸ்க் எனப்படும் வட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவே சும்மா செருகிய வில்லை அல்ல. மேலும் கீழும் குருத்தெலும்புத் தகடுகளோடு இறுகப் பிணைந்தது. அது முழுதாக நழுவாது. கொலாஜன் என்ற புரத நார்கள் அடுக்கடுக்காகச் சுற்றிய வெளிவளையத்தில் விரிசல் விழுந்து, உள்ளிருக்கும் ஜெல் போன்ற பகுதி பிதுங்குகிறது, அவ்வளவுதான். இளம் வயதில் அந்த ஜெல்லில் சுமார் 80 சதவீதம் நீர். நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கான்கள் என்ற மூலக்கூறுகள் குறையும்போது வட்டு வறண்டு, வளையத்தின் மேல் பாரம் கூடுகிறது. வட்டின் உயரம் குறைந்தால் பின்னால் முதுகெலும்புகளை இணைக்கும் மஞ்சள் தசைநாரும் மடிந்து தடிக்கிறது. வட்டின் பிதுக்கத்தோடு இதுவும் சேர, அருகே செல்லும் நரம்புக்கான இடம் இன்னும் சுருங்குகிறது. இத்தனை மாற்றங்களில் எதைக் கையால் அமுக்கிச் சரிசெய்வது?

“எனக்குச் சரியானதே” என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிதுங்கிய திசுவை உடலின் விழுங்கணுக்கள் (வேண்டாததை விழுங்கி அகற்றும் அணுக்கள்) மெல்ல அரித்து அகற்றுகின்றன. பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தானாகவே தணிகிறது. உடல் செய்த வேலைக்கான பெயர் அமுக்கியவருக்குப் போய்விடுகிறது.

சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, கால் பலமிழக்கிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.