வரவேற்பு வளைவு கட்டமுதல் குளக்கட்டைப் பாருங்கள்

திருகோணமலையின் மரபுரிமை என்றால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு. பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. மூதூர், வெருகல், தம்பலகாமம், குச்சவெளிப் பக்கத்துச் சிறுகுளங்கள் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. ஒரு குளத்தின் நீர் அடுத்த குளத்துக்கு இறங்கும் இலங்கை உலர்வலயத்துக் குளத்தொடர் முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. நாங்கள் அதே குளங்களைப் 'புனரமைப்பு' என்ற பெயரில் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குளத்தில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கினால் எல்லாரும் ஆழத்தைத்தான் பார்க்கிறார்கள். வயலுக்கு நீர் திறக்கும் மதகான துருசின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்குப் பாயாது. மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், அவ்வளவுதான். அதைவிட மோசம், வண்டலுக்குக் கீழே இறுகிக் கிடக்கும் களிப்படையை உடைப்பது. அது உடைந்தால் மாரியில் நிரம்பிய குளம் சிறுபோகத்துக்கு (மாரிக்குப் பிந்திய இரண்டாம் நெற்போகம்) முன்பே ஊறி வற்றிவிடும். எனவே வண்டலை மட்டும் வழித்தெடுங்கள். கட்டின் அடிவாரத்தைத் தொடவே வேண்டாம். எடுத்த வண்டல் வயலுக்கும் தோட்டத்துக்கும் நல்ல பசளை. அதைக் காய்ந்தபடியே குளக்கட்டின்மேல் கொட்டினால் முதல் மழையிலேயே கரைந்து மீண்டும் குளத்துக்குள் வந்துவிடும். கட்டை உயர்த்துவதானால் களிச்சேர்க்கை உள்ள மண்ணை அரையடிப் படையாகப் போட்டு, ஈரப்படுத்தி, ஒவ்வொரு படையையும் இறுக்க வேண்டும். எலிவளையையும் கறையான் புற்றையும் மேலால் மூடாமல் அடிவரை வெட்டித் திறந்து நிரப்புங்கள். நீர் கட்டை ஊடறுப்பது அந்த வழியால்தான்.

மேலதிக நீர் வழிந்தோடும் வானில் மணல்மூட்டை அடுக்கி நீரைக் கூட்டித் தேக்குவது பெரும் ஆபத்து. வான் பாய வேண்டிய வெள்ளம் கட்டுக்கு மேலால் பாய்ந்தால் மண்கட்டு தாங்காது. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தபோது போன உயிர்களை இந்த மாவட்டம் மறக்கக்கூடாது.

குளத்தின் மேற்பக்கத்து மருத மரமும் கோரையும் புல்லும் வரும் நீரின் மண்ணை அங்கேயே மறிக்கின்றன. அழகுபடுத்துகிறோம் என்று அவற்றை வழித்துவிட்டால் வண்டல் விரைவில் திரும்பவும் சேரும். கட்டின்மேல் முளைக்கும் பெருமரக் கன்றுகள் மட்டும் ஆகாது. வேர் உக்கினால் அந்தத் துளையால் நீர் ஒழுகும்.

200 ஏக்கர் வரை பாயும் குளங்கள் சிறுகுளங்கள். அவற்றின் திருத்த வேலைக்குக் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு மூலம் கமநல சேவை நிலையத்தில் கேட்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாதிக்குள் வேலை முடியவேண்டும். சுற்றுலாக் காசு வந்தால் வரவேற்பு வளைவுக்கு முதல் துருசுக்கும் வானுக்கும் போகட்டும். பெயர்ப்பலகை வைக்கிறவர்கள் வயல்நீரைப் பங்கிட்ட பழைய வட்டவிதானைமாரிடம் குளத்தின் பெயர், வயல்வெளிப் பெயர்கள், குளக்கட்டில் பொங்கும் நாள், புதிர் (முதல் விளைந்த நெல்) எடுக்கும் முறை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு பலகை அடியுங்கள்.