சேட்டா, ட்யூனிங் அவுட்டாணல்லோ!

போன மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி விழாவில் வாசிக்கப் போயிருந்தோம். சவுண்ட் செக்கில் எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் ஆறு கம்பியையும் ஒரு தடவை வருடினேன். மிக்சரில் இருந்த பையன் பதறி ஓடி வந்தான். "சேட்டா, ட்யூனிங் அவுட்டாணல்லோ!"

"அவுட் அல்ல மோனே, இதாணு ட்யூனிங்" என்றேன். அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, எங்கள் சபைப் பாடகர் குழுத் தலைவர் பல வருடமாக என்னைப் பார்க்கிற அதே பார்வை.

களியக்காவிளைப் பக்கம் கிட்டார் பிடித்தவர்களில் எனக்குத் தெரிந்த பெரும்பாலானோர் என்னைப்போல சபைப் பாட்டுக்கு வாசித்துப் பழகியவர்கள். ஜி, சி, டி. டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ், ராத்திரி முழுக்க அதே மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு). அந்தக் கை நல்ல கைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எக்ஸ்பெரிமென்டல் மெட்டல் வாசிக்கலாம் என்று உட்கார்ந்தாலும் விரல் தானாக ஜி கார்டுக்குப் போய் நிற்கும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிறிஸ்துமஸ் பாட்டு மாதிரி இருக்கும். விரலை ஏமாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, கம்பிகளை இடம் மாற்றிச் சுருதி கூட்டுவது.

இங்கேதான் நம் பையன்களோடு எனக்குச் சண்டை. ஹெவியாக வேண்டுமா, கம்பியின் சுருதியை இறக்கு என்பார்கள். பி-க்கு இறக்கு, ஏ-க்கு இறக்கு, போதாவிட்டால் எட்டுக் கம்பி வாங்கு. ஆறாவது கம்பியை (இருப்பதிலேயே தடித்தது) ஈ-யிலிருந்து பி-க்கு இறக்கினால் இழுவிசை பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சும். தடித்த கம்பி மாற்றாமல் இறக்கினால் துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஆடும், ஓங்கி அடித்தால் முதலில் சுருதி ஏறிப் பிறகு இறங்கும். அந்தக் கொழகொழப்பைக் கனம் என்று நம்புகிறார்கள்.

பிளாக் சப்பாத் மெட்டல் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியைக் காட்டுவார்கள் உடனே. சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். பர்மிங்ஹாமில் தகட்டுப் பட்டறை விபத்தில் 17 வயதில் இரண்டு விரல் நுனி போன மனிதர். பிளாக் சப்பாத் 1971-இல் வெளியிட்ட மூன்றாவது தொகுப்பில்தான் சில பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் இறக்குகிறார். கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுகம். ஆனால் 1970-இல் வந்த முதல் தொகுப்பின் முதல் பாட்டைக் கேளுங்கள். சாதாரண ட்யூனிங். ஜி, மேல் ஜி, அப்புறம் சி ஷார்ப். நம் கணக்கில் ச, மேல் ச, பிரதி மத்திமம், அவ்வளவுதான். இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இறக்குவதற்கு முன்பே கனம் வந்துவிட்டது, இரண்டு சுரம் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்.

என் ட்யூனிங்கைச் சொல்கிறேன், ரகசியம் ஒன்றும் இல்லை. தடித்த கம்பியிலிருந்து: டி, ஏ, டி, டி ஷார்ப், ஏ, ஏ ஷார்ப். மெல்லிய பக்கத்திலிருந்து எண்ணினால், மூன்றாவது இடத்தில் இன்னொரு நாலாம் கம்பி (தடிமன் 26, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு), முதல் இடத்தில் இன்னொரு இரண்டாம் கம்பி (தடிமன் 13). பழைய கம்பியையே வைத்து இறக்கினால் நூல் மாதிரித் தொங்கும். 26 கம்பி நட்டின் (கிட்டார் தலைப்பக்கம் கம்பிகள் படிகிற பட்டை) பழைய பள்ளத்தில் உட்காராது, அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும். முதல் தடவை நானே அரம் போட்டு ஒரு நட்டைப் பாழாக்கினேன். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நடுவில் இருக்கிற டி 146.8 ஹெர்ட்ஸ், பக்கத்து டி ஷார்ப் 155.6. இரண்டையும் சேர்த்து அடித்தால் நொடிக்கு ஒன்பது தடவைக்குச் சற்றுக் குறைவாக ஒலி துடிக்கும். ஏ-யும் ஏ ஷார்ப்பும் 13 தடவை. இரண்டு துடிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இதற்குமேல் டிஸ்டார்ஷன் போட்டால் இன்னொன்று நடக்கும். டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களின் வித்தியாசத்தையும் தனி ஒலியாக உண்டாக்கும். பவர் கார்டில் (அடிச்சுரமும் அதன் பஞ்சமமும்) 110-ம் 165-ம் சேர்ந்தால் 55 பிறக்கிறது, அடிச்சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் அது அத்தனை நிறைவாக இருக்கிறது. அரைச்சுர இடைவெளியில் பிறக்கிற 9 ஹெர்ட்ஸ் காதுக்குச் சுரமாகக் கேட்காது, ஆம்ப்ளிஃபயர் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். அந்த மூச்சின்மேல் டிரம்ஸ் வரும்போதுதான் எங்கள் பாட்டு ஆரம்பிக்கும்.

இது மேற்கத்திய கிறுக்கு என்று ஒரு நண்பர் போனில் சொன்னார், கர்நாடக சங்கீதம் படித்தவர். டி-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள் என்றேன். ச, ப, ச, சுத்த ரிஷபம், ப, சுத்த தைவதம். சரளி வரிசையில் குழந்தைகள் முதலில் பாடுகிற மாயாமாளவகௌளையில் இருக்கிற சுரங்கள்தானே? சுருதிப்பெட்டி ச பிடித்துக்கொண்டிருக்க, குழந்தை ரி-யில் நிற்கும்போது நடப்பதும் இதே உரசல்தான். நாம் அடுத்த சுரத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். நான் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அதுக்காக அதையே நாலு நிமிஷமா?" என்றார். நியாயமான கேள்வி.

எங்கள் வீடு கோயிலுக்கும் சர்ச்சுக்கும் நடுவில். கொடை நாளில் விடியற்காலை அந்தக் குழாய் ஸ்பீக்கரில் மலையாளப் பக்திப் பாட்டு, இந்தக் குழாய் ஸ்பீக்கரில் தமிழ்க் கீர்த்தனை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சுருதி, ஆனால் ஒரே சுருதி இல்லை. பல் தேய்க்கிற நேரத்தில் அந்த அலையைக் கேட்டே வளர்ந்தேன்.

ட்யூனிங் மாற்றுவதற்குப் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் சோனிக் யூத் என்ற அமெரிக்க ராக் குழு. தர்ஸ்டன் மூரும் லீ ரனால்டோவும் பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாற்றியவர்கள், கம்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் செருகியவர்கள். மேடையில் நின்று மாற்றிக்கொண்டிருக்க முடியாதென்பதால் கிட்டார் குவியலோடு பயணம் போவார்கள். 1999-இல் கலிபோர்னியாவில் அந்தக் கிட்டார்களை ஏற்றிய வண்டியே களவு போனது. வெறும் கிட்டாரென்றால் கடையில் வாங்கலாம். ஒவ்வொன்றும் ஒரு ட்யூனிங்குக்காகப் பழக்கிய கிட்டார் என்பதுதான் அவர்களுக்கு நஷ்டம்.

எப்படி வேண்டுமானாலும் முறுக்கிவிட்டு எக்ஸ்பெரிமென்ட் என்று சொல்கிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. ஜி கார்டில் ஒரு கம்பி லேசாகப் பிசகினால் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. என் டி ஷார்ப் அதே அளவு இறங்கினால் துடிப்பு மெதுவாகி, டிரம்ஸோடு சண்டை போடும். ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் ட்யூனரைப் பார்க்கிறேன். அந்தக் கல்லூரிப் பையன் அதைப் பார்த்துத்தான் கடைசியில் கொஞ்சம் சமாதானமானான்.

இப்போது முதல் கம்பியை ஏ-க்கும் ஏ ஷார்ப்புக்கும் நட்டநடுவில் நிறுத்திப் பார்க்கிறேன். துடிப்பு 13-லிருந்து ஆறு, ஏழுக்கு வருகிறது. ட்யூனர் இரண்டு பக்கமும் சிவப்புக் காட்டுகிறது. டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்குப் பிடித்திருக்கிறது, எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் வேறு கிட்டார்.