17-க்கு ஒருவர் என்ற கணக்கு பற்றி

நம் ஊர் நடுநிலைப் பள்ளியில் 17 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், பக்கத்து ஊரில் 30-க்கு ஒருவர்; அதனால் நம்முடையதே மேல் என்று இங்கே பலரும் பகிர்கிறார்கள். மன்னிக்கவும், அந்த விகிதம் 1 முதல் 8 வரை மொத்தச் சராசரி. 68 பிள்ளைகளுக்கு 4 ஆசிரியர் என்றாலும் 17தான் வரும். அவர்களில் இருவர் இடைநிலை ஆசிரியர் (1 முதல் 5 வரை எடுப்பவர்) என்றால், 6, 7, 8-க்கு மிஞ்சுவது இரண்டே பட்டதாரி ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் (2009) அந்த வகுப்புகளுக்குக் கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தலா ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. ஆக, ஒரு பாடத்துக்கு ஆளே இல்லை!

யுடைஸ் பிளஸ் (UDISE+) என்ற மத்திய கல்வி அமைச்சகத்தின் பள்ளித் தகவல் தளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போடுங்கள் (தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்கும்). மொத்தத்தை விட்டுவிட்டு, வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கையைப் பாருங்கள். யார் எந்தப் பாடம் எடுக்கிறார் என்பதைத் தலைமையாசிரியரிடமே கேட்கலாம்.