இருபது முகப் பகடை கட்டாயமன்று
மேலே ஒரு நண்பர், இருபது முகப் பகடை இல்லாமல் ரோல்பிளேயிங் ஆட்டம் (ஆளுக்கொரு பாத்திரமேற்று, கூடிக் கதை வளர்த்து ஆடுவது) எதையும் ஆட முடியாது என்றும், அதை வரவழைக்க வசதியில்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். இது தவறு, புதியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும் என்பதால் திருத்துகிறேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு அந்தப் பகடை தேவைதான். ஆனால், 1977இல் மார்க் மில்லர் வடிவமைத்த, எனக்கு மிகவும் பிடித்த விண்வெளிக் கதை ஆட்டமான டிராவலர், லூடோ பெட்டியில் கிடக்கும் சாதாரண ஆறு முகப் பகடைகளால் ஆடப்படுவது. கோத்தகிரியில், மழை விடாமல் பெய்யும் ஐப்பசி மாலைகளில், கம்பளியை விரித்து அதன் மேல் இரண்டு பகடைகளை உருட்டித்தான் நாங்கள் பல ஆண்டுகளாக ஆடி வருகிறோம். டிராவலரின் முதல் பதிப்பில், கதைக்கு முந்தைய பணிக்காலத்தில் விண்வெளிச் சாரணர் படையில் சேரும் பாத்திரம், உயிர் பிழைக்க, ஒவ்வொரு நான்காண்டுத் தவணைக்கும் இரு பகடைகளின் கூட்டுத்தொகையாக ஏழு அல்லது அதற்கு மேல் போட்டாக வேண்டும். உடலுறுதி குறைந்தவராயின், கதை தொடங்கும் முன்பே இறந்துபோக ஒவ்வொரு தவணையிலும் 36இல் 15 வாய்ப்பு உண்டு. மூன்றாம் தவணையில் ஒன்றும் மூன்றும் விழுந்து என் பாத்திரம் இறந்தபோது அறையில் நிலவிய அமைதி இன்னும் நினைவிருக்கிறது.

எரிக் வூசிக் 1991இல் வெளியிட்ட ஆம்பர் ஆட்டத்திலோ பகடையே கிடையாது.

டன்ஜன்ஸையே ஆட விரும்புவோர், 1 முதல் 20 வரை எண்ணிட்ட சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டால், நிகழ்தகவு சற்றும் மாறாது.